ஹை-கெயின் ஆம்ப்களை ஒப்பிடும்போது நம் காது எதைக் கேட்கிறது?

கிட்டார் ஒலியை அது உடைந்து கரகரக்கும் அளவுக்குப் பெருக்கும் ஹை-கெயின் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றிய பேச்சு, கிட்டார் வாசிப்பவர்களிடையே எங்கே எழுந்தாலும் அது மார்ஷல், மேசா பூகி, பீவி, சொல்டானோ என்ற நான்கைந்து பெயர்களைத்தான் சுற்றிவரும். ஓசூரிலும் அப்படித்தான். பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக் குழுக்கள் அங்கே பேலஸ் மைதானத்தில் வாசித்த பிறகு பெருகிய மெட்டல் ஆர்வம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி சிப்காட் குடியிருப்புகள் வரை எளிதாக வந்துவிட்டது. ஆனால் ஆர்வம் வந்த வேகத்தில் ஆம்ப்கள் வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளரும் ஒரு கிட்டார் கலைஞருக்கு இந்த ஆம்ப்களை ஒரே அறையில் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. அவர் கைப்பேசியில் பார்க்கும் ஒப்பீட்டுக் காணொளிகளை வைத்தே "இது இறுக்கம், அது தளர்வு, இன்னொன்று கூர்மை" என்று முடிவுகட்டுகிறார். அந்த முடிவுகளில் பாதிக்கு மேல் ஆம்பைப் பற்றியவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். கேட்கப்படுவது பெரும்பாலும் ஸ்பீக்கரும் மைக்கும் சத்த அளவும்தான். ஆம்புக்கே உரிய குணம் வேறொரு இடத்தில், அதாவது ஒலியலையின் முனை வெட்டுப்படுவதற்கு முன்னால் எந்த அதிர்வெண் குறைக்கப்படுகிறது, வெட்டுப்பட்ட பின்னால் எது கூட்டப்படுகிறது என்பதில் ஒளிந்திருக்கிறது.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மின் அலை பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது. ஆம்பின் முன்பகுதியில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற கண்ணாடிக் குழாய் வகை வால்வின் ஒவ்வொரு அரைப்பகுதியும் அதை ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கக்கூடியது. அப்படி மூன்று நான்கு கட்டங்களைத் தொடர்ச்சியாக வைத்தால், பெருக்கப்பட்ட அலை வால்வு தாங்கக்கூடிய எல்லையில் போய் முட்டி, மேல்முனையும் கீழ்முனையும் தட்டையாகிவிடுகின்றன. இதைத்தான் கிளிப்பிங், அதாவது வெட்டு, என்கிறோம். தட்டையான அலையில் மூல சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே போகும் அதிர்வெண்கள் புதிதாகத் தோன்றுகின்றன. இரு முனைகளும் ஒரே அளவில் வெட்டப்பட்டால் ஒற்றைப்படை மடங்குகளும், ஏற்றத்தாழ்வாக வெட்டப்பட்டால் அவற்றுடன் இரட்டைப்படை மடங்குகளும் கிடைக்கின்றன. கூடவே, மெதுவாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஏறத்தாழ ஒரே சத்தத்தில் வெளிவருவதால் சுரம் நீண்டு நிற்கிறது, விரல் பட்ட சிறு உரசலும் கேட்கிறது, பிக்கப் வாங்கிக்கொள்ளும் மின்சார இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகிவிடுகிறது.

ஒரு தந்தியை மட்டும் மீட்டினால் கதை இத்துடன் முடிந்துவிடும். இரண்டு தந்திகளை ஒன்றாக மீட்டும்போதுதான் ஹை-கெயின் ஒலியின் உண்மையான சிக்கலும் அழகும் தொடங்குகின்றன. வெட்டுப்படும் மின்சுற்று, தனக்குள் வரும் இரு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் தானே உண்டாக்கிவிடுகிறது. மெட்டல் இசையின் அடித்தளமான பவர் கார்ட் என்பது நம் கணக்கில் ஷட்ஜமமும் பஞ்சமமும்தான், அதாவது 2:3 என்ற விகிதம். கிட்டாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.5 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 41 ஹெர்ட்ஸ் சொச்சம், அதாவது ஷட்ஜமத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. யாரும் மீட்டாத அந்த மந்தர ஸ்தாயி சுரம் சுருதி சேர்ந்தே பிறக்கிறது. பவர் கார்டுக்கு அந்தக் கனம் வருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கு மாறாக ஷட்ஜமத்துடன் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிட்டாரின் சமப்பகிர்வு சுருதியமைப்பில் அவற்றின் வித்தியாசமாகப் பிறக்கும் சுரம், இரண்டு ஸ்தாயி கீழே இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு விலகி நிற்கிறது. கெயினைக் கூட்டக் கூட்ட முழுக் கார்டுகள் சேறாகக் குழம்புவதற்கும், ஒரு ஆம்ப் "கார்டு வாசித்தாலும் தெளிவாக இருக்கிறது" என்று புகழப்படுவதற்கும் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே.

இந்தக் குழப்பம் அடியொலியில்தான் மிக அதிகம். தடித்த தந்தியின் அலை உயரமானது. அது வெட்டுப்படும்போது தன் மேல் சவாரி செய்யும் மெல்லிய சுரங்களையும் சேர்த்து நசுக்கிவிடுகிறது. ஆகவே ஆம்ப் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் வெட்டுக்கு முன்பே அடியொலியைக் கழித்துவிட்டு, தேவையான கனத்தை வெட்டுக்குப் பின் திருப்பிச் சேர்க்கிறார்கள். எவ்வளவு கழிப்பது, எந்தக் கட்டத்தில் கழிப்பது, எங்கே திருப்பிச் சேர்ப்பது என்பதில்தான் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள். முகப்பில் இருக்கும், அடியொலியைக் கூட்டிக் குறைக்கும் பாஸ் நாப் பெரும்பாலான ஆம்ப்களில் வெட்டு முடிந்த பின்னால் இருப்பதால், அதைத் திருகி இறுக்கத்தைக் கொண்டுவர முடியாது. அது கனத்தைக் குறைக்குமே தவிரக் குழப்பத்தைக் குறைக்காது.

1962இல் லண்டனில் தொடங்கிய மார்ஷலின் முதல் ஆம்ப், ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்பின் மின்சுற்றைத் தழுவியது. 1975இல், கெயினைத் தொடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கொண்ட 2203 வந்தது. 1981 முதல் அதே சுற்று ஜேசிஎம்800 என்ற பெயரில் விற்கப்பட்டது. இன்றைய அளவுகோலில் அதை ஹை-கெயின் என்று சொல்வதற்கே சிலர் தயங்குவார்கள், ஏனெனில் அதில் பெருக்கும் கட்டங்கள் மூன்றுதான். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு இடையே உள்ள சிறிய கண்டென்சர்கள் அடியொலியைத் தாராளமாகக் கழித்துவிடுவதால், கெயின் முழுவதும் கூட்டியிருந்தாலும் அதன் ஒலி பிசிறில்லாமல், நடுப்பகுதி தூக்கலாக, தாளத்தோடு ஒட்டி நிற்கிறது. அதன் இரண்டாம் கட்டம் கவனிக்கத்தக்கது. வால்வின் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும், வழக்கமாக 1.5 கிலோஓம் அளவில் இருக்கும் கேத்தோடு மின்தடை அங்கே 10 கிலோஓமாக இருக்கிறது. அதனால் வால்வு மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நின்று, அலையின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட வெகு முன்னதாகவே வெட்டிவிடுகிறது. மார்ஷலின் உறுமலில் இருக்கும் அந்தக் கரடுமுரடு பெரிதும் இங்கிருந்து வருகிறது.

1980களின் பிற்பகுதியில் மைக் சொல்டானோ வடிவமைத்த எஸ்எல்ஓ-100 இந்தப் பாதையை நீட்டியது. அவர் இன்னொரு கட்டத்தைச் சேர்த்தார்; ஒருபக்கம் வெட்டும் அந்த வால்வின் கேத்தோடு மின்தடையை 39 கிலோஓமுக்கு உயர்த்தினார். மார்ஷலில் கரடாக இருந்தது இங்கே திரவம்போல் ஓடும் லீட் (தனி வாசிப்பு) ஒலியானது. பின்னால் வந்த இரண்டு புகழ்பெற்ற ஆம்ப்களை, 1990களின் தொடக்கத்தில் வெளியான மேசாவின் டூயல் ரெக்டிஃபையரையும் 1992இல் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனின் பெயரோடு வெளியான பீவி 5150ஐயும், திறந்து பார்க்கும் எந்த ஆம்ப் மெக்கானிக்கும் அவற்றின் முன்பகுதியில் அதே 39 கிலோஓம் மின்தடையையும் எஸ்எல்ஓவின் சாயலையும் கண்டுகொள்வார். இணைய விவாதங்களில் எதிரெதிர் அணிகளாக நிறுத்தப்படும் இவை ஒரே வீட்டுப் பங்காளிகள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.

பங்காளிகள் என்றாலும் குணம் ஒன்றல்ல. டூயல் ரெக்டிஃபையர் வெட்டுக்குள் அடியொலியை அதிகமாகவே விடுகிறது. ஆகவே மெதுவான, கனமான ரிஃப்களில் (திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களில்) அது பெரிய சுவராக எழுந்து நிற்கும், வேகமாகத் தந்தியை அமுக்கி அடிக்கும் இடங்களில் சற்றுத் தாமதித்துப் பின்னால் வருவதுபோல் உணர்த்தும். 5150 முன்பாகவே இறுக்கிக்கொண்டு, மேல்நடுப்பகுதியில் ஒரு கடியையும் அதன் மேல் ஒரு தொடர் கரகரப்பையும் வைத்திருக்கிறது. அந்தக் கரகரப்பு சிலருக்கு எரிச்சல், சிலருக்கு அதுவே அடையாளம். வான் ஹேலன் பீவியை விட்டுப் பிரிந்த பின் 2004இல் அது 6505 என்று பெயர் மாறியது. உள்ளே இருந்த சுற்று மாறவில்லை. பெயர் மாறியதால் ஒலி மாறிவிட்டது என்று சாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மேசாவின் மார்க் வரிசை வேறு வழியில் யோசித்தது. அதை வடிவமைத்த ராண்டல் ஸ்மித் பாஸ், மிட், ட்ரெபிள் நாப்களை முதல் கட்டத்துக்கு அடுத்தாற்போலவே, அதாவது வெட்டுக்கு முன்னாலேயே வைத்தார். ஆகவே அந்த ஆம்பில் பாஸ் நாப் கனத்தைக் கூட்டும் கருவி அல்ல. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவி. மார்க் 2சி+ ஆம்பில் பாஸை ஏறத்தாழ சுழியத்துக்குக் கொண்டுபோய், ட்ரெபிளை உயர்த்திவைத்து வாசித்துவிட்டு, இழந்த கனத்தை வெட்டுக்குப் பின் வரும் 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்ற ஐந்து பட்டை கிராஃபிக் ஈக்வலைசரில் நடுப்பட்டையைத் தாழ்த்தி ஓரப்பட்டைகளை உயர்த்தி மீட்டுக்கொள்வார்கள். 1980களின் நடுவில் மெட்டாலிகாவின் ரிதம் கிட்டார் ஒலி இந்த முறையில்தான் உருவானது. இப்போது ஒரு காணொளியில் மார்ஷலையும் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நியாயமாக இருக்க வேண்டும்" என்பதற்காக எல்லா நாப்களையும் பன்னிரண்டு மணி நிலையில் நிறுத்திவிட்டு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றில் அந்த நிலை இயல்பானது, மற்றொன்றில் அந்த ஆம்பை வைத்திருக்கும் எவரும் ஒருநாளும் வைக்காத நிலை. நாப்களின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள் கூட எல்லா ஆம்பிலும் ஒரே விதமாக ஏறுவதில்லை. ஒன்றில் ஐந்து என்பது பாதி, இன்னொன்றில் ஐந்து என்பது பத்தில் ஒரு பங்கு. நாப்களை ஒரே எண்ணில் வைப்பது பார்ப்பதற்கு நேர்மையாகத் தெரியும், கேட்பதற்கு அதில் பொருளே இல்லை.

இந்த இடத்தில் டியூப் ஸ்கிரீமரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1979இல் ஐபனெஸ் வெளியிட்ட அந்தப் பச்சைப் பெடல், காலால் அமுக்கி இயக்கும் சிறு பெட்டி, முதலில் மிதமான ஓவர்டிரைவுக்காக (லேசான கரகரப்புக்காக) உருவாக்கப்பட்டது. அதன் உள்சுற்றில் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். டிரைவை மிகக் குறைத்து, லெவலை முழுவதும் கூட்டி அதை ஒரு ஹை-கெயின் ஆம்புக்கு முன்னால் வைத்தால், ஆம்புக்குள் நுழையும் அடியொலி ஒப்பளவில் குறைந்து நடுப்பகுதி தூக்கிக்கொள்கிறது. தளர்வானது என்று பெயர்பெற்ற டூயல் ரெக்டிஃபையர் இந்த ஒரு பெடலால் இறுகிவிடுகிறது. நான் சொல்ல வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை: இரண்டு ஆம்ப்களுக்கு இடையே பெரிய குணவேறுபாடாகக் கேட்டது, சில ரூபாய் விலையுள்ள கண்டென்சரும் மின்தடையும் செய்யும் வேலைதான். அதே நேரம், ஒரு காணொளியில் ஆம்புக்கு முன்னால் பெடல் இருந்ததா என்பது சொல்லப்படாவிட்டால், அந்த ஒப்பீட்டைப் பாதியில் நிறுத்திவிடலாம்.

வால்வு இருந்தால்தான் மெட்டல் என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு வார்த்தை. பான்டெரா என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டைம்பேக் டேரல் தன் புகழின் உச்சத்தில் வாசித்தது ராண்டல் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்களில்.

முன்பகுதி தந்த ஒலியை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கும் பவர் பகுதிக்கு வருவோம். அதில் உள்ள வால்வு இஎல்34 என்றால் பிரிட்டிஷ் நடுப்பகுதி, 6எல்6 என்றால் அமெரிக்கக் கனம் என்று மனப்பாடமாகச் சொல்வதுண்டு. வால்வுகளுக்குள் வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் ஹை-கெயின் ஆம்பில் வெட்டு பெரும்பாலும் முன்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், அறையில் வாசிக்கும் அளவில் அந்த வேறுபாடு ட்ரெபிள் நாப்பைச் சற்றே திருப்புவதைவிடப் பெரிதாக இருப்பது அரிது என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது, வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பி ஆம்பைக் கட்டுக்குள் வைக்கும் நெகடிவ் ஃபீட்பேக். பிரசன்ஸ் நாப் மேலொலியில் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது; 5150இல் உள்ள ரெசொனன்ஸ் நாப் கீழொலியில் தளர்த்துகிறது. டூயல் ரெக்டிஃபையரின் மாடர்ன் நிலை அதை முழுவதுமாகவே எடுத்துவிடுகிறது. கட்டுப்பாடு போனால் ஸ்பீக்கரின் மின்தடை எந்த அதிர்வெண்ணில் உயர்கிறதோ அங்கெல்லாம் ஒலியும் உயர்கிறது. அந்த ஆம்ப் ஒரு கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) மிரட்டலாகவும் இன்னொன்றில் தொளதொளப்பாகவும் கேட்பதற்குக் காரணம் இதுவே. அதாவது சில ஆம்ப்களின் தன்மையை ஸ்பீக்கரிலிருந்து பிரித்துப் பேசவே முடியாது.

மின்சாரமும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளி. வால்வு ஆம்பின் உள் மின்னழுத்தங்கள் எல்லாம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டின் விகிதத்திலேயே அமைகின்றன. பாசன மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பாலக்கோடு, அரூர்ப் பக்கத்து ஊர்ப்புற லைன் ஒன்று 200 வோல்ட்டுக்கு இறங்கினால், 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய வால்வின் ஹீட்டர் 5.5 வோல்ட்டுக்கு வந்துவிடும்; இது வழக்கமாக அனுமதிக்கப்படும் பத்து சதவீத எல்லைக்கு வெளியே. ஆம்ப் அப்போது மென்மையாகவும், அடிக்கு அடி தொய்ந்தும் ஒலிக்கும். எட்டி வான் ஹேலன் தன் ஆரம்பகால மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் என்ற கருவியை வைத்து, அமெரிக்காவின் 120 வோல்ட்டிலிருந்து வேண்டுமென்றே ஏறத்தாழ 90 வோல்ட்டுக்குக் குறைத்து வாசித்தார் என்பதால் அந்த ஒலிக்கு ரசிகர்கள் உண்டு. அதை நாடி அவர் செய்தது ஒன்று, நமக்குத் தெரியாமலே நடப்பது இன்னொன்று. காலையில் கேட்ட ஆம்பையும் மாலையில் கேட்ட ஆம்பையும் ஒப்பிட்டு ஒருவர் கருத்துச் சொன்னால், ஸ்டெபிலைசர் இருந்ததா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட 120 வோல்ட் ஆம்பானால், போதிய வாட் அளவுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைச் செருகவே கூடாது.

இப்போது ஸ்பீக்கர். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட வேண்டியதும், ஒப்பீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒரு முழுமையான ஒலிபெருக்கி அல்ல; ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அது உருப்படியாகப் பாடும், அதற்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். வெட்டுப்பட்ட அலையில் 10,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே போகும் கூரிய சில்லுகளை எல்லாம் அந்த வீழ்ச்சிதான் மறைத்து, நாம் டிஸ்டார்ஷன் என்று ரசிக்கும் ஒலியைத் தருகிறது. செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மேட்டை வைத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் கிரீன்பேக் அதைவிடத் தணிந்து, மென்மையாக முனகும். ஒரே ஆம்பை இந்த இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டால், இரண்டு ஆம்ப்களை ஒரே ஸ்பீக்கரில் கேட்பதைவிட அதிக வேறுபாடு தெரியும். மேலும் வின்டேஜ் 30 ஒரே வாட்டுக்குச் சற்று அதிகமாகவே சத்தம் தரக்கூடியது, அந்தக் கூடுதல் சத்தமும் "தெளிவு" என்ற பெயரில் பாராட்டு வாங்கிவிடுகிறது. மைக்கை வைக்கும் இடமும் சாதாரணமல்ல. ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலே கூர்மை இறங்கிக் கனம் ஏறுவதைக் கேட்கலாம். ஸ்பீக்கரை நெருங்க நெருங்க அடியொலி கூடிக்கொண்டே போகும். இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே யாரோ மைக் ஸ்டாண்டை இடித்துவிட்டால் அந்த ஒப்பீடு அத்தோடு செல்லாது.

இந்த உண்மை நம் பகுதி மேடைகளில் தினமும் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் கிட்டார்காரர் ஆம்ப் கொண்டுவருவதில்லை. ஒரு டிஸ்டார்ஷன் பெடலையோ சிறிய பிராசசரையோ சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரில் நேராகச் செருகுவார்கள். அந்த ஒலி பெட்டிகளின் ஹாரன் வழியே 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒளிவுமறைவின்றி வெளியே வரும்; கிட்டார் ஸ்பீக்கர் மறைத்திருக்க வேண்டிய சில்லுகள் எல்லாம் கூட்டத்தின் மீது கொட்டும். உடனே மிக்சரில் ட்ரெபிளை முழுவதும் குறைப்பார்கள், கிட்டார் போர்வைக்குள் போய்விடும். பெடல் மட்டமானது என்று பழி வரும். பல நேரங்களில் பெடல் நல்லதே. நடுவே கிட்டார் ஸ்பீக்கரின் வேலையைப் போலச்செய்யும் ஒரு கேபினெட் சிமுலேஷன் இல்லை என்பதுதான் குறை. பிராசசருக்குள் அந்த வசதி பெரும்பாலும் இருக்கும், அணைத்துவைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே ஆம்பை மட்டும் கேட்க விரும்பினால் ஆம்பைத் தவிர மற்ற அனைத்தையும் அசையாமல் நிறுத்த வேண்டும். முதலில் வாசிப்பை நிறுத்திவைக்கலாம்: கிட்டாரின் நேரடி ஒலியை, ஆம்ப் இல்லாமலே பதிவுக் கருவியில் இணைக்கும் டிஐ பெட்டி வழியாக ஒருமுறை பதிவுசெய்துகொண்டு, அந்தப் பதிவையே ரீஆம்ப் பெட்டி மூலம் ஒவ்வொரு ஆம்புக்கும் அனுப்பினால், கை அழுத்தம் மாறுவதால் வரும் வேறுபாடு ஒழியும். ரீஆம்ப் பெட்டி ஏன் என்றால், பதிவுக் கருவியிலிருந்து வரும் ஒலி பிக்கப்பின் அளவுக்கும் மின்தடைக்கும் ஒத்துவர வேண்டும். அடுத்து, எல்லா ஆம்ப்களையும் ஒரே கேபினெட்டில், அசைக்காத மைக்கில் கேட்கலாம். அல்லது ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் லோடு பாக்ஸில் இணைத்து, ஒரே ஐஆர் கோப்பு வழியாகக் கேட்கலாம். ஐஆர் என்பது குறிப்பிட்ட கேபினெட்டும் மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி வடிகட்டுகின்றன என்பதை அளந்து வைத்த கோப்பு. எதில் இணைத்தாலும் சரி, வால்வு ஆம்பை ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும் அபாயம் உண்டு, அதை மாற்றித்தர இங்கே ஆள் தேட வேண்டிவரும்.

பிறகு சத்த அளவு. இதைச் சரிசெய்யாத ஒப்பீட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு டெசிபெல் வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூடியது" என்று உணராது. "நன்றாக இருக்கிறது" என்றே உணரும். மெதுவாகக் கேட்கும்போது காது அடியொலியையும் மேலொலியையும் குறைவாகவே வாங்கிக்கொள்கிறது என்பது 1933இல் ஃப்ளெச்சரும் மன்சனும் செய்த அளவீடுகளிலிருந்தே தெரிந்த செய்தி. ஆகவே சத்தமாக ஒலிக்கும் ஆம்புக்குக் கனமும் கூர்மையும் தானாகவே ஏறிவிடுகின்றன. 100 வாட் ஆம்புக்கும் 50 வாட் ஆம்புக்கும் இடையே உள்ளது மூன்று டெசிபெல் மட்டுமே. இருமடங்கு சத்தம் என்ற உணர்வுக்குப் பத்து டெசிபெல் வேண்டும். நாப்களைப் பொறுத்தவரை, எண்களை ஒன்றாக்குவதைவிட ஒவ்வொரு ஆம்பையும் அதை நன்கறிந்த ஒருவர் ஒரே இலக்கை நோக்கி, ஒரே ரிஃபுக்கு ஏற்பச் சரிசெய்து தருவதே பயனுள்ள ஒப்பீடு. அப்போது கிடைப்பது "எது எப்படி ஒலிக்கிறது" என்பதைவிட "எது எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கிறது" என்ற விடை. கடைசியாக, எது எந்த ஆம்ப் என்று தெரியாமல் கேட்க வேண்டும். நண்பர் ஒருவர் கோப்புகளின் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும். இப்படிக் கேட்கும்போது மார்ஷலையும் ரெக்டிஃபையரையும் பெரும்பாலோர் பிரித்துவிடுவார்கள். எஸ்எல்ஓ வழிவந்த ஆம்ப்களைத் தமக்குள் பிரிக்கச் சொன்னால் உறுதி கரையத் தொடங்கும். கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்தச் சோதனையால் பயனில்லை, அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவுமே வருவதில்லை. இறுக்கம், தளர்வு என்ற விவாதம் முழுவதும் நடப்பது அங்கேதான்.

இவ்வளவு செய்தும் பதிவில் சிக்காத ஒன்று உண்டு. மீட்டிய கணத்துக்கும் ஒலி நிமிர்ந்து எழும் கணத்துக்கும் இடையே ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கேட்பவரைவிட வாசிப்பவரே உணர்கிறார். ஜேசிஎம்800 கையின் தவறுகளை மறைக்காது. அதில் வாசிக்க உழைப்பு வேண்டும். எஸ்எல்ஓவின் லீட் சேனல் விரலை மன்னிக்கும். பதிவாகக் கேட்டால் இரண்டும் நெருக்கமாகத் தோன்றலாம், ஆனால் ஒருவர் எந்த ஆம்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை இந்த வேறுபாடே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. ரீஆம்ப் முறை மிக நேர்மையானது என்றாலும் இதைக் காட்டும் வல்லமை அதற்கு இல்லை, ஏனெனில் வாசிப்பவர் அந்த ஆம்புக்கு ஏற்பத் தன் கையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது.

தனியாகக் கேட்டு ரசித்த ஒலி குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போவதும் ஒப்பீடுகள் சொல்லாத செய்தி. நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியையும் நுனியையும் தூக்கிவைத்த ஒலி வீட்டு அறையில் பிரமாண்டமாக இருக்கும். அடியொலியை பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ள, மேலொலியைச் சிம்பல்கள் மூடிக்கொள்ள, மேடையில் கிட்டாருக்கென்று மிச்சம் இருப்பது ஏதுமில்லை. பாரதக் கூத்து நடக்கும் திறந்த வெளியில் அவ்வளவு பேரின் பாட்டையும் மத்தளத்தையும் தாண்டி முகவீணை என்ற ஒரு சிறிய ஊதுகருவி ஊர்க்கோடி வரை கேட்பது, அது தன் பலத்தை எல்லாம் நடுப்பகுதியில் குவித்து வைத்திருப்பதால்தான்; மேடையில் ஜேசிஎம்800ம் 5150ம் அதே வேலையைச் செய்கின்றன. காணொளிகளில் கேட்கும் பிரம்மாண்டமான ரிதம் கிட்டார் ஒலியில் பெரும்பாலும் ஒரே பகுதியை இருமுறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமுமாகப் பிரித்திருப்பார்கள், அடியில் பாஸ் கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றை ஆளாக ஓர் அறையில் அதை எதிர்பார்த்து ஆம்ப் வாங்குபவருக்கு எந்த ஆம்பும் நிறைவைத் தராது.

ஓசூரிலோ தருமபுரியிலோ இருந்துகொண்டு இவற்றை எப்படிக் கேட்பது என்றால், இன்று வழி உண்டு. 2011இல் வந்த கெம்ப்பர் என்ற கருவி, ஓர் ஆம்புக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி அதன் நடத்தையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் அதையே நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு செய்கிறது, மேலே பேசிய ஆம்ப்களில் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவர் எடுத்த பிரதியாக அதற்குக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேசும் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு பிரதியும் நாப்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்டது. எடுத்தவரின் ரசனையும், அவர் முன்னால் வைத்த பெடலும், சில நேரங்களில் அவருடைய கேபினெட்டும் அதற்குள் உறைந்திருக்கின்றன. ஆகவே கேபினெட் சேராத, ஆம்ப் மட்டும் அடங்கிய பிரதிகளாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே ஐஆரைப் போட்டு, சத்தத்தைச் சமன்செய்து கேட்பதே சரி. செலவழிக்கக் கையில் கொஞ்சம் பணம் இருந்து, ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் தலைக்கும் கேபினெட்டுக்கும் நடுவே தயங்கி நின்றால், நான் ஸ்பீக்கரின் பக்கம்தான் கைகாட்டுவேன். நேராக மிக்சரில் செருகி வாசிக்கும் கச்சேரிக் கலைஞராக இருந்தால், புதிய பெடலுக்கு முன்னால் நல்ல ஐஆர் ஏற்றக்கூடிய ஒரு சிறு பெட்டி.